சிமெண்ட் கலர் புடவையும் புது ஹெட்செட்டும்

என் பழைய ஹெட்செட்டின் காதுப் பஞ்சு உரிய ஆரம்பித்தபோது, எனக்குக் காதில் ஏதோ தோல் வியாதி வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். துடைத்தால் துண்டில் கறுப்பு கறுப்பாகச் செதில். கண்ணாடி முன்னால் நின்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தேன். இரண்டு நாள் காதுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டேன். அப்புறமும் செதில் நிற்காததால் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் தறியில் உட்கார்ந்தபடியே என் காதைப் பார்த்தார், மேசைமேல் கிடந்த ஹெட்செட்டைப் பார்த்தார்.

"காது நல்லாத்தான் கீது. எண்ணெயை அதுக்குப் போடு," என்றார்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவேன் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் பயத்தில் காய்ச்சலே வந்திருக்கும். கொரோனா சமயத்தில் கடைக்காரர்கள் புடவை எடுப்பதைக் குறைத்தபோது, அடுத்த வீட்டில் இருக்கும் என் நாத்தனார்தான் அவள் மகள் படித்து முடித்துவிட்டுப் போட்ட கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து எங்கள் கூடத்தில் வைத்தாள். "ஆரணிப் பட்டுன்னா எல்லா ஊர்லயும் கேக்குறாங்க அண்ணி. நீங்க இங்கருந்தே காட்டுங்க, அவங்க அங்கருந்தே பாக்கட்டும்," என்றாள். அப்படி ஆரம்பித்ததுதான். இன்றைக்கும் திரையின் நடுவில் திடீரென்று ஒரு கட்டம் வந்து ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டால் எனக்குப் பயம்தான். என்ன கேட்கிறது என்று தெரியாது. எதற்கு வம்பு என்று வேண்டாம் என்கிற பக்கத்தையே அமுக்குவேன். அதனாலோ என்னவோ, அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் என்னைப் போலவே பழைய நினைப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கூடம் ஒன்றுதான். பாதியில் தறி, மீதியில் கம்ப்யூட்டர். எங்கள் தறி ஓய்ந்தால் அடுத்த வீட்டுத் தறி, அதற்கடுத்த வீட்டில் பவர்லூம். ஹெட்செட் இல்லாமல் எதிர்முனைக்காரர் பேசுவது எனக்குக் கேட்காது. ஹெட்செட் இருந்தாலும் என் பேச்சோடு தெருவின் தறிகள் எல்லாம் சேர்ந்தே அவர்களுக்குப் போகும். அதனால் யாராவது கூப்பிட்டால் நான் கையைத் தூக்குவேன், வீட்டுக்காரர் தறியை நிறுத்துவார். மிதியில் வைத்த காலை எடுக்காமல், நாடாவை ஓட்டுகிற கயிற்றை விடாமல், சிலை மாதிரி உட்கார்ந்திருப்பார்.

"டிராபிக் போலீஸ் கைய எறக்கினா சொல்லு, நான் போவணும்," என்பார்.

அவர் வேலை கெடுகிறதே என்று ஒரு கவலை. சத்தம் போகிறதே என்று இன்னொரு கவலை. இடையில் ஹெட்செட்டின் தலை வளைவு ஒடிந்தது. வீட்டுக்காரர் கழிவுப் பட்டுநூலை எடுத்து, அறுந்த இழையை முடிகிற முடிச்சைப் போட்டு இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். நாத்தனார் பார்த்துவிட்டு, "ஐயோ அண்ணி, எனக்கு தீபாவளிக்குக்கூட நீங்க பட்டு எடுத்துக் குடுக்கல, ஹெட்செட்டுக்குக் கட்டிட்டீங்களே!" என்றாள். இடது காது அதற்கு முன்பே செத்துப் போயிருந்தது. வலது காதும் வயரை ஒரு பக்கமாக மடித்துப் பிடித்தால்தான் பேசும். இதோடுதான் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன், கோயம்புத்தூர் அம்மா வருகிறவரை.

அந்த அம்மா தன் மகள் கல்யாணத்துக்குப் புடவை கேட்டுக் கூப்பிட்டார். தங்கமான பேச்சு, வார்த்தைக்கு வார்த்தை 'கண்ணு'. முகூர்த்தப் புடவைக்கு என்ன கலர் என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் பக்கத்திலிருந்து மகளின் முகம் திரைக்குள் எட்டிப் பார்த்தது.

"கிரே, அக்கா. சிமெண்ட் கலர். வெள்ளிச் சரிகைல போடுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முகூர்த்தத்துக்கா என்ற கேள்வி வாய் வரை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். திரையில் அந்த அம்மாவின் முகமும் எதையோ அடக்கிக்கொண்டது போலத்தான் இருந்தது. ஆனால் வாயால் சரி என்று சொன்னார்.

வீட்டுக்காரருக்கு இதில் ஒன்றுமில்லை. "கட்டிக்கப் போறது அந்தப் பொண்ணு. உனக்கு இன்னா?" என்றார். நாத்தனார் அதைவிட மோசம். தறியில் பாவு ஏற்றிய அன்று வந்து நீள இழைகளைத் தடவிப் பார்த்தவள், "ஏன் அண்ணி, இதுக்குத் தெனம் தண்ணி ஊத்தி க்யூரிங் பண்ணணுமா?" என்றாள்.

அவர்களுக்குச் சிரிப்பு. எனக்கு அப்படி இல்லை. வழக்கமாகக் கடைக்காரர் பாவும் சரிகையும் கொடுப்பார், நாங்கள் நெய்து கொடுப்போம், விற்பது அவர் தலைவலி. இந்த முறை அந்த அம்மாவை நம்பி நாங்களே பட்டு வாங்கி, நாங்களே சாயம் போடக் கொடுத்து, நாங்களே ஏற்றிய பாவு. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அந்தச் சிமெண்ட் மூட்டையை யார் தலையில் கட்டுவது? ஆரணியில் எந்த வீட்டுக் கல்யாணத்துக்கும் அது போகாது. வீட்டுக்காரரிடம் சொன்னால், "யாரும் வாங்கலன்னா நீ கட்டிக்க. அழுக்கு தெரியாது," என்றார்.

இந்த நிலைமையில்தான் ஒருநாள் அந்த அம்மா சொந்தக்காரர்களுக்கு வைத்துக் கொடுக்கப் புடவை பார்க்க வேண்டும் என்று கூப்பிட்டார். சந்தனக் கலர் புடவை ஒன்றைத் தோளில் போட்டுக் காட்டினேன். குனிந்தபோது ஹெட்செட்டிலிருந்து ஒரு செதில் அதன்மேல் விழுந்தது.

"அதென்ன கண்ணு, கறுப்பா? பூச்சி அரிச்சிருக்கா?"

ஊதிவிட்டேன். குனிந்து ஊதியதில் இன்னும் இரண்டு விழுந்தது.

"ஓட்டைங்களாட்டத் தெரியுதே."

"ஓட்டையில்லம்மா, அது என் காதும்மா!" என்றேன் பதற்றத்தில்.

"யோசிச்சுச் சொல்றேன் கண்ணு," என்று அந்த அம்மா வைத்துவிட்டார். தறியில் இருந்தவருக்கு உடம்பு குலுங்கியது. சத்தம் வராமல் சிரிப்பது எப்படி என்று அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

அன்று சாயங்காலமே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் பழைய ஹெட்செட்டைக் கையில் வாங்கி, பட்டுநூல் கட்டைத் தடவிப் பார்த்து, "இதைக் கொலுவுல வைங்கக்கா," என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு புதிதாக ஒன்றை எடுத்து வைத்தார்.

"இது போட்டா வெளிச்சத்தம் எதுவும் அந்தப் பக்கம் போவாதுக்கா. உங்க கொரல் மட்டும் போவும்."

"தறிச் சத்தம்?"

"போவாது."

"பவர்லூமு?"

"எதுவும் போவாது."

காது மந்தமாகிவிடுமா, ஷாக் அடிக்குமா, தலை சூடாகுமா, இடி இடித்தால் கழற்றி வைக்க வேண்டுமா என்று எனக்குத் தோன்றியதை எல்லாம் கேட்டேன். அவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். கடைசியில், "அக்கா, இது ஹெட்செட்டுக்கா. கிரைண்டர் இல்ல," என்றார். நம்பிக்கை வரவில்லை. அவர் கடைக் கம்ப்யூட்டரிலேயே மாட்டி நாத்தனாரைக் கூப்பிட்டுப் பேசினேன். வெளியே வந்தவாசி பஸ் ஹாரன் அடித்து அடித்துத் திரும்பிக்கொண்டிருந்தது.

"அண்ணி, எங்க கீறீங்க? கோயிலுக்குப் போயிட்டீங்களா? எவ்ளோ அமைதியா கீது!" என்றாள்.

வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் ஒரு புது வாழ்வுதான். இரண்டு காதும் கேட்டது. வயரை மடிக்க வேண்டியதில்லை. முக்கியமாக, கையைத் தூக்க வேண்டியதில்லை. நான் பாட்டுக்குப் பேசுவேன், அவர் பாட்டுக்கு நெய்வார். தறி டக்கு டக்கென்று அடித்துக்கொண்டிருக்கும், பேசுகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஒரே குறை, எனக்கும் வெளிச்சத்தம் குறைந்துபோனதில் நான் கத்திப் பேச ஆரம்பித்துவிட்டேன். "இதுக்கு எதுக்குக் கம்ப்யூட்டரு? மாடில ஏறி நின்னின்னா கோயம்புத்தூருக்கே கேக்கும்," என்றார் வீட்டுக்காரர்.

சந்தோஷம் கோயம்புத்தூர் அம்மா மறுபடி கூப்பிடுகிறவரைதான். இந்த முறை அவர் குரல் தணிந்திருந்தது. ஏதோ அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நலம் விசாரித்தார். பிறகு கொஞ்சம் காது கொடுத்துக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்தார்.

"ஏங்கண்ணு, தறி ஓடலையா? சத்தமே காணோமே?"

நாங்கள் நெய்யவே இல்லை, எங்கேயோ மெஷினில் ஓட்டியதை வாங்கித் தள்ளப் போகிறோம் என்று நினைத்துவிட்டார். வேறென்ன? முன்பெல்லாம் எங்கள் தறி நின்றாலும் ஒவ்வொரு பேச்சிலும் தெருவின் தறிச்சத்தம் கேட்டவர் ஆயிற்றே.

"ஓடுதும்மா! சத்தியமா ஓடுது! இதோ பின்னாடியே ஓடுதும்மா!"

"இல்ல கண்ணு, ஓடலைன்னாலும் பரவால்ல. இன்னும் ஆரம்பிக்கலைன்னாலும் சொல்லு. ஒண்ணும் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

அவர் இதமாகச் சொல்லச் சொல்ல எனக்குப் பயம் ஏறியது. இவ்வளவு அன்பாகக் கேட்கிறார் என்றால் முடிவே செய்துவிட்டார் என்று அர்த்தம். கம்ப்யூட்டர் தலையில் இருந்த கேமராவைப் பிடுங்காத குறையாகத் தறி பக்கம் திருப்பினேன். லுங்கியும் பனியனுமாக இருந்த வீட்டுக்காரர் திடுக்கிட்டு, நாடாக் கயிற்றை விடாமலே ஒரு கையால் துண்டை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"பாருங்கம்மா! பாருங்க!"

"கை ஆடுது, சத்தம் வரலையே கண்ணு. முன்ன எடுத்து வெச்ச படமா?"

"ஏங்க, அம்மாவுக்குக் கைய ஆட்டுங்க!" என்று கத்தினேன். அவர் கல்யாண வீட்டு வாசலில் நிற்பவர் மாதிரி இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார். அந்த அம்மாவும் அந்தப் பக்கம் கும்பிட்டார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"ஓடுதா. சரி."

அந்தப் பெருமூச்சில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்கு மேல் என்ன சத்தியம் செய்வது என்று தெரியாமல் ஹெட்செட்டைக் கழற்றி, "நீங்களே பேசுங்க, நம்ப மாட்டேங்கிறாங்க," என்று வீட்டுக்காரர் தலையில் மாட்டிவிட்டேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, இனி அந்த அம்மா சொல்வது அவருக்கு மட்டும்தான் கேட்கும். நான் பக்கத்தில் நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வணக்கங்கம்மா... ம்... ஆமாங்க... ம்... முந்தி முடிஞ்சிபோச்சிங்க, ஒடம்பு பாதி ஏறிகினு கீது... அப்டியாங்க... ம்... இல்லீங்க, பிரிக்க முடியாதுங்க... பாவே அந்தக் கலருதாங்க... வேணாம்னா எப்டிங்கம்மா... ம்... ம்... புரியுதுங்க..."

பிரிக்க முடியாது. வேணாம்னா எப்டி. எனக்கு இந்த இரண்டு சொல் போதும். சிமெண்ட் மூட்டை என் கண் முன்னால் வந்து இறங்கிவிட்டது. அவர் ஹெட்செட்டைக் கழற்றித் தன் லுங்கியில் துடைத்தார். நிதானமாகத் துடைத்தார்.

"இன்னா சொன்னாங்க? நாம ஏமாத்துறோம்னு சொல்றாங்களா?"

"உன் தலை. அவங்களுக்கு அந்தக் கலரே புடிக்கலியாம். தறிச் சத்தம் கேக்கலன்னதும், இன்னும் ஆரம்பிக்கல போல, பொண்ணுக்குத் தெரியாம கலரை மாத்திடலாம்னு சந்தோசமா இருந்திருக்காங்க. நீ போயி படம் காட்டி பேஜார் பண்ணிட்ட."

ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன். அந்த அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுல செவப்பு இல்லாத கூறைச்சேலை யாரும் கட்டுனதில்ல கண்ணு. ஊரு என்ன சொன்னாலும் சொல்லட்டும், என் மனசே கேக்க மாட்டேங்குது. நாளைக்கு அவளுக்குத் தலைவலின்னாக்கூட, அன்னிக்கு அந்தச் சாம்பக் கலரக் கட்டவிட்டனேன்னுதான் தோணும். அவகிட்டச் சொன்னா சிரிப்பா. நீங்க அதை வேற யாருக்காச்சும் குடுத்துடறீங்களா? நான் எதையாச்சும் சொல்லிச் சமாளிச்சுக்கறேன்."

அவர் கேட்டது எங்கள் பிழைப்பையே சாய்க்கிற விஷயம். ஆனால் நாளைக்கு அவளுக்குத் தலைவலி வந்தால் என்று அவர் சொன்னார் பாருங்கள், அந்த இடத்தில் எனக்கு அந்த அம்மாவை நன்றாகப் பிடித்துப் போய்விட்டது. நான் என் மகன் பரீட்சைக்குப் போன அன்று வாசல் கோலத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனதற்கு மத்தியானம் வரை சாப்பிடாதவள். இந்த மாதிரி பயத்துக்கு நியாயம் பேசிப் பயனில்லை. அதற்கு வேண்டியது கையில் ஏதாவது.

"ஏங்க," என்று தறி பக்கம் திரும்பிக் கேட்டேன், "முந்தியும் பாதி ஒடம்பும்தான முடிஞ்சிருக்கு. இடுப்புல சொருகுற எடம் இன்னும் வரல இல்ல? ஜாக்கெட் துணிக்கு முன்னாடி, அங்க ரெண்டு விரல் அகலத்துக்கு, குறுக்க ஓடுற ஊடைல செவப்பு விட முடியுமா?"

அவர் யோசித்தார். "உடலாம். ஆனா பாவு சிமெண்டு, ஊடை செவப்பு. செங்கல்லாட்டந்தான் வரும்."

அந்த அம்மாவிடம் சொன்னேன். கட்டினால் வெளியே தெரியாது, சொருகிய இடத்துக்குள்ளே போய்விடும், ஆனால் தாலி ஏறும்போது சிவப்பு பிள்ளையின் உடம்பில் இருக்கும், அசல் சிவப்பு வராது, செங்கல் மாதிரிதான் வரும் என்றேன். அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் நான் வேண்டாத சாமி இல்லை.

"செங்கல்லும் செவப்புதானே கண்ணு," என்றார்.

"செவப்புதாம்மா."

"அவளுக்குத் தெரியாதில்ல?"

"கட்டினா யாருக்கும் தெரியாதும்மா."

"அப்ப நெய்யச் சொல்லு," என்றார். அப்புறம் தயங்கி, "ரெண்டு விரல்னா என் விரலா, உங்க வீட்டுக்காரர் விரலா?" என்று கேட்டார். பெரிய விரலாகவே போடச் சொல்வதாக வாக்குக் கொடுத்தேன்.

அந்த இடம் தறியில் வந்த அன்று நான் சமையலை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். வீட்டுக்காரர் நாடாவில் சிவப்பு நூல் சுற்றிய தாரை மாற்றிப் போட்டு அடித்தார். அவர் சொன்னது சரி, செங்கல்தான். வேடிக்கை பார்க்க வந்த நாத்தனார், "சிமெண்டும் வந்துச்சி, செங்கல்லும் வந்துச்சி. வாசக்கால் எப்ப அண்ணி வெக்கப் போறீங்க?" என்றாள்.

புடவையைக் கூரியரில் அனுப்பினோம். போய்ச் சேர்ந்தது, பிடித்தது என்று செய்தியும் வந்தது. நான் கொஞ்சம் மூச்சுவிட ஆரம்பித்த நேரத்தில் ஒருநாள் அந்தப் பெண் கூப்பிட்டாள். தனியாக.

"அக்கா, ஜாக்கெட் தைக்கக் குடுத்தேன். துணியை வெட்டின டெய்லர், சேலை முனைல சாயம் ஒட்டியிருக்கு, திருப்பி அனுப்புங்கன்னு சொல்றாங்க."

"அது... சாயம் இல்லம்மா... அது வந்து, எங்க ஊர்ல..." என்று இழுத்தேன். எங்க ஊர்ல என்ன? கை தன்னால் மேலே போனது. வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டார்.

"அம்மா வேலைதானே?" என்றாள்.

ஆமாம் என்றால் அம்மாவுக்குத் துரோகம். இல்லை என்றால் எங்கள் தறிக்குக் கெட்ட பெயர். நான் ஹெட்செட்டின் வயரை விரலில் சுற்றினேன். என் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிரித்துவிட்டாள்.

"டெய்லர்கிட்ட டிசைன்னு சொல்லிட்டேன். நான் பாத்துட்டேன்னு மட்டும் அம்மாகிட்டச் சொல்லிராதீங்க அக்கா. ரெண்டு வாரமாத்தான் நல்லாத் தூங்கறாங்க."

அன்று மத்தியானமே அம்மாவும் கூப்பிட்டார். "புள்ள ஏதாச்சும் கேட்டாளா கண்ணு? கண்டுபுடிச்சிருக்க மாட்டாளே?"

"இல்லம்மா. அதெல்லாம் தெரியாதும்மா," என்றேன்.

"பொய் சொல்றப்ப மட்டும் கொரல் கணீர்னு வருது உனக்கு," என்றார் வீட்டுக்காரர் தறியிலிருந்து.

கல்யாணத்தன்று எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. சொருகியது நழுவினால்? மணையில் உட்காரும்போது முனை வெளியே வந்தால்? அங்கே பார்க்க ஆள் இருக்கிறது, நீ குழம்பை இறக்கு என்று வீட்டுக்காரர் சொல்லியும் கேட்காமல் போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஒரு போட்டோ வந்தது. கழுத்தில் புதுத் தாலியோடு அந்தப் பெண், பக்கத்தில் மாப்பிள்ளை. இரண்டு விரலால் படத்தை இழுத்து இழுத்துப் பெரிதாக்கி இடுப்புப் பக்கம் பார்த்தேன். எங்கும் சிவப்பு தெரியவில்லை. சிமெண்ட் கலர், சும்மா சொல்லக்கூடாது, அவளுக்கு அவ்வளவு எடுப்பாக இருந்தது.

படத்தில் எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மகளுக்குப் பக்கத்தில் நின்ற அம்மா மட்டும் பார்க்கவில்லை. அவர் குனிந்து மகளின் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.